கை விட்ட படங்கள்

1

இந்தக் கதைக்குக் காரணம் ஒரு மழையும் என் வாய்க்கொழுப்பும். முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு யாராவது சொல்லித் தெரிந்துகொண்டு என்னைப் பார்த்து முகத்தைச் சுளிக்காதீர்கள்.

மழைக்கு ஒதுங்கப் போய் ஒரு நூலகத்தின் மாடிக்கூடத்தில் நுழைந்தேன். உள்ளே ஓவியக் கண்காட்சி. பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கிவிட்டு மறுபடி தூரிகை எடுத்த ஒரு பெண்மணியின் படங்கள் என்று வாசலில் எழுதி ஒட்டியிருந்தார்கள். ஜன்னலோரம் நிற்கும் பெண், பேருந்துக்குக் காத்திருக்கும் பெரியவர், நாற்காலியில் தூங்கிவிழும் ஆள். படங்களில் நிறைய மனிதர்கள், ஒருவருக்கும் கையில்லை. அதாவது இருக்கிறது, கண்ணில் படவில்லை. சட்டைப்பைக்குள் இருக்கிறது, முதுகுக்குப் பின்னால் இருக்கிறது, போர்வைக்கு அடியில் இருக்கிறது.

நான் சும்மா இருப்பேனா? என்னைப்போலவே மழைக்கு ஒதுங்கியிருந்த முன்பின் தெரியாத இரண்டு பேரைப் பிடித்து நிறுத்தி விளக்கவுரை ஆரம்பித்துவிட்டேன். "இந்தக் கையெல்லாம் எங்க போச்சுன்னு யோசிச்சுப் பாருங்க. அடுப்படியில இருக்கு. பாத்திரம் கழுவுற தொட்டியில இருக்கு. ஒரு தலைமுறைப் பெண்களோட கை முழுசும் வீட்டு வேலைக்குள்ள மறைஞ்சுபோச்சுன்னு இந்தப் படங்கள் சொல்லாம சொல்லுது." இருவரும் பயபக்தியோடு தலையாட்டினார்கள். எனக்கு இன்னும் கொஞ்சம் ஏறிவிட்டது.

பின்னால் யாரோ செருமினார்கள். வரைந்தவரேதான். என் பக்கம் லேசாகக் குனிந்து, மற்ற இருவருக்கும் கேட்காத குரலில் சொன்னார்: "எனக்குக் கை வராதுங்க. அதான்."

மழை விடுவதற்குள் இறங்கி ஓடிவந்துவிட்டேன். நனைந்ததுகூடப் பெரிதாகத் தெரியவில்லை. காது மட்டும் வீடு வந்து சேரும்வரை சுட்டது.

அந்த அம்மாளைப் பற்றி வேறெதுவும் எனக்குத் தெரியாது. அவருக்கு மகள் உண்டா என்றுகூடத் தெரியாது. இனி வருவதெல்லாம் நான் கட்டியது. வெட்கம் மட்டும் சொந்தச் சரக்கு.

2

எழுதி அடித்த தொடக்கங்களை முதலில் காட்டிவிடுகிறேன். அடித்ததையெல்லாம் படிக்கக் கொடுப்பது விருந்தாளிக்குக் குப்பைக்கூடையைத் திறந்து காட்டுவதுபோல என்பீர்கள். இருக்கட்டும்.

'நெடுங்கால மௌனத்துக்குப் பிறகு அவள் தூரிகையைத் தொட்டபோது, வண்ணங்கள் அவளை அடையாளம் கண்டு—'

போதும். வண்ணத்துக்கு ஆள் அடையாளமெல்லாம் தெரியாது. டியூபை அமுக்கினால் வரும், அமுக்காவிட்டால் காய்ந்துபோகும். மௌனம் என்பதும் அபாண்டம். இவள் வாய் ஓயாதவள்.

'மகள் கல்யாணமாகிப் போனதும் வீடு வெறிச்சென்று ஆகிவிட்டது. அந்த வெறுமையை நிரப்ப அவள்—'

எந்த வெறுமை? கணவர் இருக்கிறார். மூக்குக்கண்ணாடிக் கடையை இன்னொருவருக்குக் கைமாற்றிவிட்டு வீட்டோடு இருக்கிறார். எந்த அறைக்குள் போனாலும் அங்கே நமக்கு முன்னால் இருக்கிறார். ஊருக்கெல்லாம் பார்வையைச் சரிசெய்து கொடுத்தவர். வீட்டில் ஜன்னல்திரை மாறினால் அதைக் கவனிப்பதற்குள் அடுத்த திரை மாறிவிடும்.

மூன்றாவதாக வந்தது இது. இதை மட்டும் அடிக்கவில்லை:

'பிறந்தநாளுக்கு மகள் கொண்டுவந்த பெட்டியைப் பிரித்து, உள்ளே வரிசையாகப் படுத்திருந்த வண்ணக் குழாய்களைப் பார்த்ததும் அவளுக்கு வயிற்றைக் கலக்கியது.'

ஆமாம், கலக்கியது. ஆனந்தக் கண்ணீரை எதிர்பார்த்து வந்தவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். மகளும் அதைத்தான் எதிர்பார்த்தாள். அம்மாவின் முகம் கோணியதும், கிடைத்துவிட்டது என்று கட்டிக்கொண்டாள்.

"எங்களுக்கு உழைச்சது போதும்மா. இனிமேலாவது உனக்குப் பிடிச்சதைச் செய்."

"இதெல்லாம் எதுக்குடி இப்ப? கண்ணு வேற முன்ன மாதிரி இல்ல."

"கண்ணுக்கு நான் இருக்கேன்ல?" என்றார் கணவர், தொழில் பக்தியோடு.

தப்பிக்க ஒரு சந்துகூட இல்லை.

3

இந்தக் குடும்பத்துக்குள் ஒரு கதை புழங்கிவந்தது. (கதைக்குள் கதையா என்று பெருமூச்சு விடாதீர்கள். சின்னதுதான்.) அம்மா பெரிய ஓவியராக வந்திருக்க வேண்டியவள். மகளை உண்டாகியிருந்தபோது வண்ணம் கரைக்கிற டர்பன்டைன் வாசனை குடலைப் புரட்டிவிட்டது. அன்றைக்குத் தூரிகையைக் கழுவி வைத்தவள்தான். அப்புறம் குழந்தை, காய்ச்சல், பள்ளிக்கூடம், பரீட்சை என்று ஓடிப்போய் எடுக்கவே முடியவில்லை.

கதையைப் பரப்பியது யார் என்றால் இவளேதான். முதலில் பெருமைக்குச் சொன்னாள், பிறகு வசதிக்கு. மகள் கணக்கில் தோற்றபோது, "நான் எதை விட்டுட்டு உன்னை வளக்கிறேன்னு தெரியுமா?" தோழிகளோடு வெளியூர் போகக் கேட்டபோது, "எனக்கு மட்டும் ஆசை இல்லாமலா இருந்துச்சு? உன்னைத் தூக்கி வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கல?" சாப்பாட்டில் உப்பில்லை என்று ஒருமுறை வாய் தவறிச் சொன்னபோது, "பிரஷ் பிடிச்ச கைடி இது. உனக்காகக் கரண்டி பிடிக்குது."

இந்தக் கடைசி வசனம் அவளுக்கே மிகவும் பிடித்துப்போய்விட்டது. கொஞ்சம் இடைவெளி விட்டு விட்டு எடுத்துவிடுவாள்.

மகள் ஒருநாளும் எதிர்த்துப் பேசவில்லை. தப்புச் செய்தவள்போலத் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போவாள். அப்படித் தலையைக் குனிந்தே படித்து நூலகராகவும் ஆகிவிட்டாள். (நான் ஒதுங்கிய நூலகத்தையே மகளுக்குக் கொடுத்துவிட்டேன். கதைக்காக இன்னொரு கூடம் கட்ட எனக்கு வசதியில்லை.)

* இந்த இடத்தில் மொழியைப் பற்றி ஒரு முறையீடு. தமிழில் கையைத் தொடாமல் ஒரு பத்தி எழுத முடியவில்லை. கடையைக் கைமாற்றினார் என்று எழுதிவிட்டேன். ஓவியத்தைக் கைவிட்டாள் என்று எழுதப் போய் நிறுத்திக்கொண்டேன். ஒரு கலை நமக்குப் படிந்தால் கைவந்தது என்கிறோம், குழந்தை பிறந்தால் கைக்குழந்தை என்கிறோம். கை வராத ஒருத்தியின் கதையை இந்த மொழியில் எழுதுவது தடுக்கி விழுந்த இடத்திலேயே குடித்தனம் நடத்துவதுபோல இருக்கிறது.

4

மகள் விடவில்லை. சமுதாயக் கூடத்தில் நடந்த மாலை வகுப்பில் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டாள். அங்கே வாத்தியார் மகளைவிட இளையவர், தாடி மட்டும் மூத்தது.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் இவளுக்கு நியாயம் செய்தவன் ஆகமாட்டேன். போன முதல் வாரமே அவளுக்குப் பிடித்துவிட்டது. வேண்டாவெறுப்பாகப் போனவள், முகம் ஒன்று ஓவியத் துணியில் மெல்ல எழுந்து தன்னைத் திரும்பிப் பார்த்ததும் அசந்துபோனாள். முகம் அவளுக்கு நன்றாக வரும். துணி மடிப்பு அச்சு அசலாக வரும். சாயங்காலம் ஆனால் கால் தானாக வகுப்புக்கு நடந்தது. அடுப்பில் பால் பொங்கி வழிந்ததை இரண்டு தடவை பார்க்காமல் விட்டாள். கணவரே கவனித்துவிட்டார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

வாத்தியார் ஒருநாள் அவளுடைய படங்களை வரிசையாக வைத்துப் பார்த்தார்.

"மேடம், இந்தப் படத்துல இருக்கிறவங்க எல்லாருக்கும் குளிருதா?"

"ஏன் சார்?"

"அத்தனை பேரும் பாக்கெட்டுக்குள்ள கைய விட்டுக்கிட்டு நிக்கிறாங்களே."

பக்கத்தில் பூச்சாடி வரைந்துகொண்டிருந்த ஓய்வுபெற்ற நர்ஸ் களுக்கென்று சிரித்துவிட்டாள். இவளுக்கு முகம் பற்றியெரிந்தது.

"வரலைன்னா தப்பா வரைங்க மேடம். அசிங்கமா வரைங்க. ஒண்ணும் ஆயிடாது. மறைச்சீங்கன்னாதான் கடைசி வரைக்கும் வராது."

"அடுத்த படத்துல போட்டுடறேன் சார்."

அடுத்த படத்தில் ஒரு பெண் மாவு பிசைந்தாள். மணிக்கட்டு வரைக்கும் கை மாவுக்குள்ளே இருந்தது. வாத்தியார் அதை ரொம்ப நேரம் பார்த்தார். "திறமைதான் மேடம்" என்று சொல்லிவிட்டு நர்ஸின் பூச்சாடிக்கு நகர்ந்துவிட்டார்.

வீட்டில் யாரும் இல்லாதபோது அவள் கை வரைந்து பார்ப்பாள். தன் இடது கையை மேசையில் வைத்து வலது கையால் வரைவாள். வந்ததைப் பார்ப்பாள். கையுறைக்குள் யாரோ வெண்டைக்காயைத் திணித்துவைத்த மாதிரி இருக்கும். உடனே சுக்குநூறாகக் கிழித்துக் காய்கறித் தோலுக்கு அடியில் குப்பையில் அமுக்கிவிடுவாள். திருடினவள் தடயத்தை மறைப்பதுபோல என்று எழுத நினைத்தேன், அது மிகை. ஆனால் அப்போது வாசல் மணி அடித்தால் அவளுக்குத் தூக்கிவாரிப் போடும், அது நிஜம்.

5

இப்போது உள்ளதைச் சொல்லிவிட வேண்டும். (நான் கட்டிய கதையில் உள்ளது ஏது, இல்லாதது ஏது என்று மடக்காதீர்கள். கட்டியதுக்குள்ளும் பொய் உண்டு, மெய் உண்டு.)

கல்யாணமான புதிதில் அவள் வரைந்துகொண்டுதான் இருந்தாள். பள்ளிக்கூடம் ஒன்றில் ஓய்வுபெறும் தலைமையாசிரியைக்குப் பரிசாகக் கொடுக்க உருவப்படம் கேட்டார்கள். வெளியார் அவளிடம் படம் கேட்டது அதுதான் முதல் தடவை. தலைமையாசிரியை நாற்காலியில் உட்கார்ந்திருப்பார், கைகள் மடிமேல் கோத்திருக்கும். முகம் அற்புதமாக வந்தது. கையை வரைந்தாள், சுரண்டினாள், மறுபடி வரைந்தாள். விரல்கள் ஒருசமயம் ஆறாக இருந்தன. இன்னொரு சமயம் ஐந்தாகவே இருந்தும் ஆறுபோலத் தெரிந்தன. கடைசியில், கொடுக்க வேண்டிய நாள் நெருங்கிவிட்டதால், அந்தக் கைகளின்மேல் ஒரு பெரிய பூங்கொத்தை வரைந்து மூடினாள். அப்பாடா என்று இருந்தது.

விழாவில் திரையை விலக்கினார்கள். தலைமையாசிரியை கிட்டே போய் உற்றுப் பார்த்தார்.

"மூஞ்சி நான்தான். பூ எதுக்கும்மா? பூன்னாலே எனக்குத் தும்மல் வந்துடும். கையில சாக்பீஸ் இல்லாம என்னை இங்க யாராவது பாத்திருக்கீங்களா?"

கூடம் முழுக்கச் சிரித்தது. அதில் வன்மம் இல்லை. தலைமையாசிரியையும் சிரித்தார், இவளும் கூடச் சேர்ந்து சிரித்தாள். வீட்டுக்கு வந்ததும் படம் நிறுத்துகிற மரச்சட்டத்தை மடக்கிப் பீரோவுக்குப் பின்னால் செருகினாள். வண்ணங்களை யாரோ கேட்டார்கள் என்று கொடுத்துவிட்டாள். அத்தோடு சரி. மகள் அப்போது வயிற்றில்கூட இல்லை.

கணவர் அதைக் கவனித்தபோது மகள் வயிற்றில் இருந்தாள்.

"என்ன, இப்பல்லாம் வரையறதே இல்ல?"

"வாசனை ஒத்துக்கலைங்க. குமட்டுது."

சொன்ன மாத்திரத்தில் நெஞ்சிலிருந்து ஏதோ இறங்கிவிட்டது. இனிமேல் யாரும் கேட்கமாட்டார்கள். கேட்டாலும் பதில் தயாராக இருக்கிறது, உள்ளே உதைத்துக்கொண்டிருக்கிறது. குழந்தை வரப்போகிறதே என்ற சந்தோஷத்தை அந்த நிம்மதி முந்திக்கொண்டது. பிறந்த பிள்ளையை முதன்முதலாக மடியில் வாங்கியபோதும் அவளுக்கு அதுதான் ஞாபகம் வந்தது, கூசிப்போனாள். அந்தக் கூச்சத்தை யாரிடம் போய்ச் சொல்வது?

(இங்கே கணவரைக் கெட்டவராக்கிவிடலாமா என்று ஒரு சபலம் வந்தது. 'பொம்பளைக்கு எதுக்குப் படம்?' என்று அவர் ஒரு வாக்கியம் பேசினால் போதும், உங்களுக்கும் கோபிக்க ஓர் ஆள் கிடைப்பார், இவளும் தப்பித்துக்கொள்வாள், நானும் இந்தப் பக்கத்தோடு எழுந்து போய்விடலாம். பேசவைத்தும் பார்த்தேன். மனுஷன் பேசமாட்டேன் என்கிறார். இவளுடைய தூரிகைகளை எடுத்துப்போய்க் கண்ணாடி துடைக்கிற துணியால் ஒவ்வொன்றாகத் துடைத்துவைக்கிறார். அவர்மேல் பழிபோட எனக்கு மனசு வரவில்லை.)

6

படங்கள் சேர்ந்ததும் மகள் வந்து பார்த்தாள். சுவரில் சாய்த்துவைத்த படங்களுக்கு நடுவே தரையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பாக்கெட், போர்வை, மாவு. பார்த்துக்கொண்டே இருந்தவளுக்குக் கண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது.

"நான் கவனிக்கமாட்டேன்னு நெனச்சியாம்மா?"

கையும் களவுமாகப் பிடிபட்டுவிட்டோம் என்றே இவள் நினைத்தாள். அந்தக் கணத்தில், போகட்டும், ஒருவழியாகத் தெரிந்துபோகட்டும் என்றுகூட இருந்தது.

"யாருக்குமே கை இல்ல" என்றாள் மகள். "அந்தக் கையெல்லாம் எங்களுக்குச் சோறு ஊட்டிக்கிட்டு இருந்துச்சு. அதானே? நீ வாயால சொல்லல. வரைஞ்சு காட்டிட்ட."

மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"எங்க நூலகத்துல மாடி சும்மாதான்மா கெடக்கு. எல்லாத்தையும் அங்க மாட்டுறோம். தலைப்புகூட யோசிச்சிட்டேன். 'மறைந்த கைகள்.' எப்படி இருக்கு?"

"பிரமாதம்" என்றார் கணவர்.

"சரி" என்றாள் இவள்.

அந்தச் 'சரி'யை எழுதும்போது எனக்கே அவள்மேல் எரிச்சல் வந்தது. பிறகு யோசித்தேன். இந்த மகள் வேறு யாருமில்லை, மழையில் ஒதுங்கிப்போய் விளக்கவுரை சொன்ன நான்தான். இயலாமைக்குப் பொட்டு வைத்து அலங்கரித்துக் கொண்டுவந்து நிறுத்துகிறவர்களிடம், அதுவும் கண்ணீரோடு நிறுத்துகிறவர்களிடம், 'அது அப்படியில்லை' என்று சொல்ல எத்தனை பேருக்குத் துணிச்சல் வரும்?

திறப்புவிழாவுக்கு முந்தின மத்தியானம். படங்களை மாட்டிக்கொண்டிருந்தார்கள். கணவர் ஏணிமேல் நின்று ஒவ்வொரு சட்டத்தையும் ஒரு கண்ணை மூடி நேர்பார்த்துவிட்டு, ஆணி போதவில்லை என்று வாங்கப் போனார். அம்மாவும் மகளும் மட்டும் கூடத்தில் இருந்தார்கள். மகள் கைப்பேசியை எடுத்தாள்.

"நாளைக்கு நான் பேசப்போறதை வாசிச்சுக் காட்டவா? ரொம்ப நாடகமா இருந்தா சொல்லு, மாத்திக்கிறேன்."

வாசித்தாள். நடுவில் குரல் இரண்டு தடவை உடைந்தது. கடைசி வரிகள் இவை:

"என் அம்மாவோட கைய நான்தான் பிடுங்கிக்கிட்டேன். நான் பொறக்காம இருந்திருந்தா இந்தச் சுவர் எப்பவோ நிறைஞ்சிருக்கும். எல்லார் முன்னாடியும் கேக்கிறேன். நான் பொறந்ததுக்கு என்னை மன்னிச்சிடும்மா."

7

இங்கே நின்றுபோனேன். நாட்கணக்கில் நின்றேன். முடிவு என்று எழுதிப் பார்த்தவை கீழே இருக்கின்றன, எடுத்துப் பாருங்கள்.

அ. திறப்புவிழாவில் இவள் ஒலிபெருக்கியை வாங்கி உண்மையைப் போட்டு உடைக்கிறாள். 'எனக்குக் கை வரைய வராது. என் மக எந்தத் தப்பும் பண்ணல.' கூடம் ஒரு நிமிடம் உறைகிறது. பிறகு அத்தனை பேரும் எழுந்து நின்று கைதட்டுகிறார்கள். என்ன தன்னடக்கம், என்ன தாய்மை! மறுநாள் என்னைப்போல ஒருவன் பத்திரிகையில் அதையே எழுதுகிறான். உண்மையைச் சொன்னதற்காக அவளை இன்னும் உயரத்தில் ஏற்றிவைத்துவிடுகிறார்கள்.

ஆ. ஒன்றும் சொல்லாமல் இருந்துவிடுகிறாள். மகள் மன்னிப்புக் கேட்கிறாள். இவள் எல்லார் முன்னாலும் மகளின் தலையைத் தடவி— எதை மன்னிக்கிறாள்? பெற்ற பிள்ளை பிறந்ததை மன்னிக்கிறாள். இதை எழுதிவிட்டு எழுந்துபோய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தேன்.

இ. மறுநாள் பேய்மழை. மின்சாரம் இல்லை, ஈ காக்கைகூட வரவில்லை. 'சரி, வீட்டுக்குப் போவமா?' என்கிறார் கணவர். இது எனக்கு மிகவும் பிடித்த முடிவு. ஏனென்றால் இதில் யாரும் எதுவும் பேசவேண்டியதில்லை.

மூன்றையும் படித்துப் பார்த்தபோதுதான் விஷயம் உறைத்தது. அவள் கைகளைப் பூங்கொத்துக்கு அடியில் தள்ளினாள், நான் முடிவைக் கைதட்டலுக்கும் மழைக்கும் அடியில் தள்ளிக்கொண்டிருக்கிறேன். அவளைச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை? ஒலிபெருக்கி வேண்டாம். நாளை வரைக்கும் காத்திருக்கவும் வேண்டாம். அந்த மத்தியானத்துக்கே திரும்பிப் போகிறேன். ஆணி வாங்கப் போனவர் இன்னும் வரவில்லை. கூடத்தில் அவர்கள் இரண்டு பேர்தான்.

8

"அந்தக் கடைசி வரியை எடுத்துடு" என்றாள் இவள்.

"நாடகமா இருக்கா?"

"பொய்யா இருக்கு."

மகள் நிமிர்ந்து பார்த்தாள்.

"நீ பொறந்ததால நான் விடல. நீ வர்றதுக்கு முன்னாடியே விட்டுட்டேன். எனக்குக் கை வரைய வராதுடி. எப்பவுமே வந்ததில்ல. ஒரு படம் வரைஞ்சு குடுத்தேன், சிரிப்பாச் சிரிச்சாங்க. மூட்டைகட்டி வெச்சுட்டேன். அப்புறம் நீ வந்த. சாக்கு கெடைச்சுது. சொல்லிக்கிட்டே இருந்துட்டேன்."

இத்தனை காலம் தொண்டையில் கிடந்தது, இவ்வளவு சின்னதாக இருக்கும் என்று அவள் நினைக்கவில்லை. மகளின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். திட்டுவாள், அழுவாள், எழுந்து போய்விடுவாள். எதுவானாலும் வாங்கிக்கொள்ளலாம் என்று நின்றாள்.

மகள் கிட்டே வந்து அவளைக் கட்டிக்கொண்டாள்.

"உனக்கு எவ்வளவு பெரிய மனசும்மா."

"என்னடி?"

"நான் மனசு கஷ்டப்படக்கூடாதுன்னு இப்படிச் சொல்ற. கடைசியில இதையும் எனக்காக விட்டுக்குடுக்கிற பாரு. உன்னை எனக்குத் தெரியாதா?"

"ஐயோ, இல்லடி! சத்தியமா வராது!"

"வராதவங்களுக்கு முகம் இப்படி வருமா? விடும்மா. நான் பேசத்தான் போறேன்."

ஒரு பொய்யை எவ்வளவு பக்குவமாக வளர்த்திருக்கிறோம் என்று அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. உண்மையைக் கொண்டுவந்து நிறுத்தினாலும் அதுவும் தியாகத்தின் சாயலிலேயே நிற்கிறது. தன்மேல் அவளுக்கு வந்த அருவருப்பு கொஞ்சநஞ்சமல்ல. இந்தப் பெண் நாளைக்கு ஊர் கூடியிருக்கும்போது பிறந்ததற்கு மன்னிப்புக் கேட்கப்போகிறாள். தடுக்க இவளிடம் பேச்சு மிச்சமில்லை.

சுவரில் அடையாளம் போடுவதற்காக வைத்திருந்த பென்சில் ஜன்னல் விளிம்பில் கிடந்தது. அதை எடுத்தாள். மிஞ்சிப்போன அழைப்பிதழ் ஒன்றைத் திருப்பினாள்.

"உக்காரு. கையைக் காட்டு."

"எதுக்கு?"

"காட்டுன்னா காட்டு. எனக்கு வருதா வரலையான்னு நீயே உன் கண்ணால பாரு."

யார் பார்க்கவும் அவள் இதைச் செய்ததில்லை. கதவைச் சாத்திக்கொண்டு வரைந்து, கிழித்து, தோலுக்கு அடியில் புதைத்த அசிங்கத்தை இப்போது மகளின் மூக்குக்கு நேரே வைத்து வரையப்போகிறாள். வெண்டைக்காய் விரல்களைப் பார்த்தால் மகள் நம்பித்தான் ஆகவேண்டும். கிழிக்கப்போவதில்லை. கையில் கொடுத்துவிடப்போகிறாள்.

மகள் கையை மேசைமேல் நீட்டினாள். இவள் அதைப் பார்த்தாள்.

இந்த இடத்தில்தான் என் திட்டம் கவிழ்ந்தது. மோசமாக வரைவாள், மகள் பார்ப்பாள், இருவரும் அழுவார்களோ சிரிப்பார்களோ, முடித்துவிடலாம் என்றுதான் வந்தேன். ஆனால் இது அவளுக்குத் தெரிந்த கை. தன் கையைவிட நன்றாகத் தெரிந்த கை. நகம் வெட்டிவிட்ட கை. சுவரில் கிறுக்கியதற்காக ஓங்கி ஓர் அடி கொடுத்துவிட்டு அப்புறம் தேய்த்துவிட்ட கை. சாலையைக் கடக்கும்போது விட்டுவிடாமல் இறுக்கிய கை. கட்டைவிரலின் கணு கொஞ்சம் வெளியே தள்ளியிருக்கும், அது மாமியார் வழி. சுண்டுவிரல் உள்ளே வளையும், அது இவள் வழி. பார்க்காமலே சொல்வாள்.

பென்சில் கட்டைவிரலில் தொடங்கியது. கோடு எங்கும் திக்கவில்லை. கணுவில் ஏறி இறங்கி வளைந்து நின்றது. இவள் அதைக் குனிந்து பார்த்தாள்.

வந்துவிட்டது. கட்டைவிரல் வந்துவிட்டது.

நிலைமை புரிகிறதல்லவா உங்களுக்கு? இந்தக் கை முழுக்க வந்துவிட்டால் மகள் ஒருநாளும் நம்பமாட்டாள். 'பாத்தியா, வராதுன்னு சொன்ன?' என்று சிரிப்பாள், நாளைக்குப் போய் மன்னிப்புக் கேட்பாள். வராவிட்டால் மகள் தப்பிப்பாள். ஆனால் ஒரு பெண் தன் வாழ்நாளெல்லாம் வரவேண்டும் வரவேண்டும் என்று கிடந்தது இப்போதுதான் முதன்முதலாக விரல் நுனிவரை வந்து நிற்கிறது. வேண்டுமென்றே கெடுத்து வரையலாமே என்பீர்கள். அவளும் நினைத்தாள். அது இன்னொரு பொய், மகளுக்காகச் சொல்கிற அடுத்த பொய். அதற்கும் அவளுக்குத் தெம்பில்லை.

"அசையாம இருக்கணுமாம்மா?"

"ம்."

"ஏம்மா அழற?"

இவள் பென்சிலை ஆள்காட்டி விரலுக்கு மேலே பிடித்துக்கொண்டிருக்கிறாள். கீழே இறக்கவில்லை. வந்துவிடு என்றும் வந்துவிடாதே என்றும் ஒரே மூச்சில் கெஞ்சிக்கொண்டிருக்கிறாள்.

நான் இதற்குமேல் போகப்போவதில்லை. மீதி நான்கு விரல்களை நீங்கள் போட்டுக்கொள்ளுங்கள். நன்றாக வரவிடுங்கள், அல்லது கெடுங்கள், அது உங்கள் மனசு. ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன், தயவுசெய்து சீக்கிரம் முடிவு செய்யுங்கள். அந்தப் பெண்ணுக்குக் கை கடுக்கத் தொடங்கிவிட்டது. அம்மா சொன்னாளே என்று இன்னும் எடுக்காமல் நீட்டிக்கொண்டிருக்கிறாள்.